மேலே விட்டுவைத்த இடம்

மாலையானால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மாசிக் கருவாட்டுச் சம்பல் இடிக்கும் வாசனை வேலியின் இரண்டு பக்கமிருந்தும் வரும்; அது எங்கள் வீட்டு உரலா, பக்கத்து வீட்டுச் சிங்களவரான சோமபால அங்கிளின் வீட்டு உரலா என்று மூக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்பாவும் அவரும் ஒரே அலுவலகத்துக் குமாஸ்தாக்கள், தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள்; இருவரும் இங்கேயே பிறந்தவர்கள், அந்த ஊரைப் படத்தில் பார்த்ததோடு சரி.

அப்பாவின் அக்கா, என் மாமி, மட்டும் கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தார். தமிழ், சிங்களத் தலைவர்கள் பேசுகிறார்கள், ஒப்பந்தம் வரப்போகிறது என்று மாமி எழுதுவதும், அடுத்த கடிதத்தில் எல்லாம் முறிந்துபோய்விட்டது என்பதும் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் நடந்த கூத்து. கடைசியில் "இஞ்ச இருக்கப் பயமாக் கிடக்கு" என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்ததும் அப்பாவும் அங்கிளும் ஒரு மனு எழுதத் தீர்மானித்தார்கள்: இங்குள்ள தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கையெழுத்திட்டு இரு தரப்புத் தலைவர்களுக்கும் அனுப்புவது. ஆங்கிலத்தில் அரை மணியில் தட்டச்சு செய்துவிட்டார்கள். அதற்கு மேலே அதையே தமிழிலும் சிங்களத்திலும் போடவேண்டும்; இரண்டில் எது முதலில் என்பதில்தான் வந்தது வினை.

"தமிழ்தான் பழசு, அதுதான் மேல வரவேணும்," என்றார் அப்பா.

"அங்கே ஆள் யாரு கூட? அவங்க பாஷைதான் மேலே லா," என்றார் அங்கிள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு. இரண்டையும் அருகருகே போடலாம் என்றால், இடப்பக்கம் யாருக்கு என்று அடுத்த சண்டை. "ரெண்டு பேருக்கும் சொந்த பாஷையில ஒரு வரி பிழையில்லாம எழுதத் தெரியாது, இதில மேல கீழ வேற!" என்று அம்மா தேநீரை நங்கென்று வைத்துவிட்டுப் போவார்.

ஏழாவது ஞாயிற்றுக்குள் கொழும்பு எரிந்தது. மாமியின் வீடும் எரிந்தது. மாமி வெளியே வரவில்லை. வேலிக் கதவருகே வந்து நின்று அங்கிள் அழுதார். அப்பா திறக்கவில்லை.

அந்த மனுவை அனுப்பியிருந்தாலும் எவனும் வாசித்திருக்கமாட்டான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆறு ஞாயிறுகளை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கே பேசிக் கெடுத்த தலைவர்களைக் காறித் துப்பிய வாய்கள்தானே அப்பாவுடையதும் அங்கிளுடையதும்!

இப்போது குவார்ட்டர்ஸ் இல்லை, வேலி இல்லை, அந்த இடத்தில் கொண்டோமினியம் நிற்கிறது. போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்தக் காகிதம் கிடைத்தது. மேலே அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. கீழே, தயவுசெய்து பேச்சை முறித்துவிடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் நான்கு வரிகள். அடியில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள், ஒரே உயரத்தில். அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்திருக்கவில்லை. இரண்டிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.