பொட்டைத் தாண்டிய முள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் தராசு முள்ளைப் பார்க்க எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலஹா மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த காலம் முழுக்க அந்த முள்ளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

பறித்த கொழுந்தைக் கொண்டுபோய்ப் போடும் மடுவத்தில் நிறுக்கிறவர் எங்கள் கணக்கப்பிள்ளை. சாக்குக்கு என்று கழிப்பார், மழை ஈரத்துக்கு என்று கழிப்பார். அதுவும் போதாமல், தொங்குகிற சாக்குக்கு அடியில் முழங்காலை மெல்ல முட்டுக்கொடுப்பார். முள் ஏறாது. ஒரு மழை நாளில் அதைக் கண்டு கேட்டுவிட்டேன். "கொழுந்துல தண்ணி ஊத்திக்கிட்டு வந்து என்னையா கேள்வி கேக்கிற?" என்றார். அத்தனை பெண்களும் நின்ற இடத்தில் என்னைக் கள்ளியாக்கினார். அன்றைக்குக் கூலியில் பாதியை வெட்டியது பெரிதில்லை. அந்தச் சொல் போகவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வருத்தம் வந்து கண்டி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பின் முகமும் காலும் உப்பின. ஆள் தேறிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு ஊற்றினோம். அது சதையில்லை, நீர். மறுபடி கொண்டுபோனபோது திரும்பி வரவில்லை.

அவரைப் பார்த்த கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு மிஸ்ஸி இருந்தாள். நெஞ்சு வருத்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்த எங்களைப் போன்ற பெண்களைத்தான் அவள் தேடிப் பிடித்தாள். துண்டு வெட்டி வந்தவர்கள் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டும். மாத்திரை விழுங்கினார்களா, உப்பைக் குறைத்தார்களா, காலையில் நிறை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் தனக்குப் போன் போடச் சொன்னாள். என் கணவருக்கு இல்லாமல் போனது இவ்வளவுதான். நான் சரி என்றேன்.

எனக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று, தோட்டத்து ரோட்டடியில் கணக்கப்பிள்ளை மகன் கட்டிய வீடு. துண்டு வெட்டி வந்திருந்தவர் அதே கணக்கப்பிள்ளைதான். ஆளைத் தெரியுமா என்று மிஸ்ஸி கேட்டாள். தெரியும் என்று மட்டும் சொன்னேன். வேறு வீடு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் வெறுங்காலோடு என் முன்னால், கிளினிக்கில் கொடுத்த ஆள் நிறுக்கிற தராசில் ஏறி நின்றார். தராசின் கண்ணாடியில், முள் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தேன். முதல் நாளே, "கட்டியிருக்கிற சாரத்துக்குக் கொஞ்சம் கழிச்சுக்கம்மா" என்றார்.

"நான் கழிக்கிறதில்லைங்க ஐயா."

அவர் மருமகளிடம் சொல்லி ஊறுகாய்ப் போத்தலையும் கருவாட்டையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். உப்பில்லாத பருப்பை அவர் மென்று விழுங்குவதை, கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்த ருசி எனக்கு எந்தச் சோற்றிலும் இருந்ததில்லை.

குண்டசாலையில் ஒரு கல்யாணத்துக்கு அவர் போய் வந்த மறுநாள் காலை, முள் சரியாகப் பொட்டிலேயே நின்றது. ஆனால் அவர் மூச்சு சரியில்லை, கணுக்கால் பளபளத்தது. நிமிர்ந்து பார்த்தேன். வலது கை கதவு நிலையில் ஊன்றியிருந்தது. அதே முட்டு. அன்று முழங்கால், இன்று கை.

"கைய எடுங்க."

எடுக்கவில்லை. நானே பிடித்து எடுத்துவிட்டேன். முள் பொட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"சொல்லிடாதம்மா. திரும்ப வார்ட்டுல போட்டுருவாங்க," என்றார். கல்யாண வீட்டில் கருவாடு தின்றதையும் சொன்னார். அவர் கும்பிடாத குறை. அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் செத்துப்போய்விட்டால் யாரை நிறுப்பது?

அங்கேயே நின்று மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். டாக்டரைக் கேட்டுவிட்டு, நீரை இறக்குகிற தண்ணி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து மாலையில் மறுபடி நிறுக்கச் சொன்னாள். மூச்சிரைப்பு கூடினால் மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னாள்.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுத்தானே இப்பிடிச் செய்ற?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. நீங்க ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடாது, சுடுகாட்டுக்கும் போகக்கூடாது. நாளைக்கும் இதுல ஏறி நிக்கணும்."

மூச்சிரைப்பு கூடவில்லை. முள் மெல்ல மெல்லப் பொட்டுக்கு இறங்கியது. வார்ட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. இன்று காலையும் இரண்டு கையையும் தொங்கவிட்டு என் முன்னால் நின்றார். முள் ஆடி அடங்கிய பிறகும் நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கச் சொல்ல எனக்கு என்ன அவசரம்?