சம்பந்தி வீட்டுப் பூனை

என் மனைவி சாபிராவிடம் நாற்று வாங்க வருகிறவர்கள் நாற்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. கூடவே நாலு வசவும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். உத்தமபாளையத்துக்கு வெளியே வாய்க்கால் ஓரமாகப் பச்சை வலை போட்ட நாற்றுப் பண்ணை எங்களுடையது. எங்களுடையது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, கோஸ் எல்லாம் அவள் ராஜ்ஜியம். நான் நாற்றுத் தட்டுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறவன். பெயர் அமானுல்லா. அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாபிரா பண்ணை டிரைவர் என்றால் வழி காட்டுவார்கள்.

ஒரு தடவை குச்சனூர் சுருளியாண்டி அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார். வாங்கிப்போன மிளகாய் நாற்று பூராவும் செத்துப்போச்சு என்றார். சாபிரா அவர் போனில் இருந்த படத்தை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

"நாத்து சாகலண்ணே. நீங்க கொன்னுருக்கீக. நெல்லுக்குப் பாய்ச்சுற மாதிரி மிளகாய்க்குப் பாய்ச்சுனா, அது நீச்சலா அடிக்கும்?"

"பாசத்துல கொஞ்சம் கூட விட்டுட்டேன் ஆத்தா."

"பாசத்தை வீட்டுல மதினிகிட்டக் காட்டுங்க. செடிக்குத் தண்ணி காட்டுனாப் போதும், அதுவும் அளவா."

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். மறுபடியும் அதே நாற்றைத்தான் வாங்கிக்கொண்டு போனார். அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். சாபிரா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் அவளோடு குடித்தனம் நடத்துவதில் இருக்கிற கஷ்டமே. "என் மேல தப்பு" என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பகல் முழுக்கத் தேங்காய் நார்க்கழிவிலும் மண்ணிலும் கை வைத்துக் கிடந்தாலும், வீட்டுக்குள் ஒரு தூசி இருக்க விடமாட்டாள். வாசலில் கால் கழுவாமல் நான் உள்ளே போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை. "மண்ணுல வேலை பாக்குறவ வீடும் மண்ணாத்தான் கிடக்கும்னு எவளும் ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது" என்பாள்.

எங்களுக்கு ஒரே மகள், ஃபர்ஹீன். கம்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ரபீக்குக்கு ரியாத்தில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் விடுமுறை முடிந்து போய்விட்டார். அத்தனை பெரிய வீட்டில் என் மகளும் அவள் மாமியார் ரஃபியாவும் மட்டும்தான். அந்த வீட்டுக்குள் ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டுச் சன்ஷேடிலிருந்து ஒரு பூனைக்குட்டி விழுந்தது. காய்ந்த திராட்சை நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. ஃபர்ஹீன் அதற்கு மருந்து ஊற்றும் டிராப்பரில் பால் கொடுத்துப் பிழைக்க வைத்து, கிஸ்மிஸ் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

சம்பந்தியம்மா ரஃபியா நல்ல மனுஷி. பூனை மேல் அவருக்குக் கோபமும் இல்லை. ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். அவர் வீட்டு வெள்ளை டைல்ஸில் முகம் பார்த்துத் தலை சீவலாம். "சுத்தம் சோறு போடும்" என்று எந்தப் பேச்சிலும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருடைய மெத்தையில்தான் கிஸ்மிஸ் ஒன்றுக்குப் போனது. திரும்பவும் போனது. தொழுகைப் பாயையும் நனைத்தது.

மாமியாரும் மருமகளும் உம்ராவுக்குப் புறப்படுகிற சமயம், பூனையையும் அதன் பிளாஸ்டிக் தொட்டியையும் எங்களிடம் ஒப்படைத்தார்கள். அப்போது ரஃபியா நிதானமாகச் சொன்னார்.

"நாங்க திரும்பி வர்றதுக்குள்ள தொட்டியில போகப் பழகிருச்சுன்னா கூட்டிட்டு வாங்க. இல்லன்னா அங்கனயே யாருக்காச்சும் கொடுத்துருங்க சம்பந்தியம்மா. தொழுகுற வீடு பாருங்க."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஃபர்ஹீன் வண்டிவரைக்கும் என் பின்னாலேயே வந்தாள்.

"அத்தா, எப்படியாச்சும் பழக்கி விட்ருங்க. அங்கன எனக்கு அது ஒண்ணுதான் பேச்சுத் துணை. அவுக போன்ல ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள டூட்டின்னு வச்சுர்றாக."

பூனையிடம் என்னத்தைப் பேசுவாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

தொட்டிக்கு என்று சம்பந்தி வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பூனை போனாலும் போகாவிட்டாலும் தினமும் மணலைக் கொட்டிவிட்டு, பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் புது மணல் போட வேண்டும். ரஃபியா போட்ட சட்டம். சாபிராவும் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள். "அவுக வீட்டுப் பூனை. அவுக சொன்னபடிதான் பாக்கணும்" என்றாள்.

கிஸ்மிஸ் தொட்டியை எட்டிப் பார்த்ததோடு சரி. என் வலதுகால் செருப்பில் போனது. மடித்து வைத்த கைலியில் போனது. வலைக்கூடாரத்துக்குள் புகுந்து, முளைத்து ரெண்டு இலை விட்டிருந்த மிளகாய்த் தட்டைத் தோண்டி, அதில் சாவகாசமாக உட்கார்ந்தது. சாபிரா கத்திய கத்தில் வாய்க்காலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்கெல்லாம் பறந்துபோனது. பூனையோ காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி அழகாக மூடிவிட்டு, நன்றி சொல்வதுபோல் அவளைப் பார்த்தது.

"பாருங்க கொழுப்பை. செய்யிறதையும் செஞ்சுட்டு மூஞ்சியப் பாருங்க" என்றாள். ஆனால் தூக்கிக் கொஞ்சிக்கொண்டுதான் சொன்னாள்.

மக்காவிலிருந்து ஃபர்ஹீன் கூப்பிட்டாள். அத்தா எப்படி இருக்கீக, அம்மா எப்படி இருக்கீக ஒன்றும் இல்லை.

"கிஸ்மிஸ் தொட்டிக்குப் போகுதா?"

நான் சாபிராவைப் பார்த்தேன். சாபிரா சுவரைப் பார்த்தாள்.

"பழகிட்டு இருக்கு" என்றேன்.

"நான் இங்க வந்து அதுக்கும் சேத்துத்தான் துஆ கேட்டேன்த்தா" என்றாள். புனித பூமியில் நின்று ஒரு பிள்ளை பூனையின் மூத்திரத்துக்காகக் கையேந்துகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில் எவ்வளவு தனிமை இருக்க வேண்டும். எனக்கு மாப்பிள்ளை மேல்கூடக் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

இரண்டு நாள் கழித்து லோயர் கேம்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பெரிய லோடு. விடிந்ததிலிருந்து ஏற்றுவதும் இறக்குவதுமாக எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. தொட்டியை யாரும் கழுவவில்லை. முந்தின நாள் எப்படியோ அதிசயமாக அதில் கொஞ்சம் போயிருந்தது, அது அப்படியே கிடந்தது. மறுநாள் காலையில் சாபிரா கையில் பினாயில் பாட்டிலோடு போனவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"சத்தம் போடாம இங்கன வாங்க."

கிஸ்மிஸ் தானாகத் தொட்டியில் ஏறி, மோந்து பார்த்து, குழி தோண்டி உட்கார்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சாபிராவும் சொன்னாள், ஆனால் விடவில்லை. புது விதை வந்தால் இரண்டு தட்டில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்துத்தான் நம்புவாள். அதேபோல இன்னொரு தொட்டி வாங்கி வரச் சொன்னாள். ஒன்றைப் பினாயில் போட்டுக் கழுவி வைத்தாள். மற்றொன்றில் கட்டி கட்டியாக இருந்ததை மட்டும் ஒரு பழைய சல்லிக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, மீதியை அப்படியே விட்டாள். கிஸ்மிஸ் பினாயில் தொட்டியில் மூக்கை வைத்தது, தும்மியது, காலை உதறியது. நேராக மற்றதில் ஏறிவிட்டது. அடுத்த நாள் இடத்தை மாற்றி வைத்தாள். அப்போதும் அப்படியே.

"இதுக்குப் பழக்கம் இல்லாம இல்லங்க" என்றாள். "அதோட வாசம் இருந்தாத்தான் இது நம்ம இடம்னு அதுக்குத் தெரியும். நாம தினம் கழுவி அழிச்சிட்டு, மூஞ்சியில அடிக்கிற மாதிரி பினாயிலையும் ஊத்துறோம். கம்பத்துல மெத்தையைத் தேச்சுக் கழுவ முடியாது பாருங்க. வாசம் அங்கன மட்டும்தான் நிக்குது. அதான் அங்கன போயிருக்கு."

அதற்குப் பிறகு தினமும் அள்ளுவது, எப்போதாவது வெறும் தண்ணீரில் அலசுவது என்று வைத்துக்கொண்டோம். என் செருப்பு காய்ந்தது. கைலி மணத்தது. கிஸ்மிஸ் தங்கமான பிள்ளை ஆகிவிட்டது.

ஆனால் திரும்பவும் கம்பத்துக்குப் போனால் அதே பினாயில்தானே. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். இங்கே பூனை பாட்டுக்குச் சும்மா இருந்தது. மணி கட்ட வேண்டியது சம்பந்தியம்மாவுக்கு. உங்கள் சுத்தம்தான் உங்கள் மெத்தையைக் கெடுத்தது என்று அந்த அம்மாளிடம் போய் யார் சொல்வது?

"ஃபர்ஹீனையே சொல்லச் சொல்லுவமே" என்றேன்.

"மருமக சொன்னா அது குத்தம் சொல்றது. காலம் பூராம் நிக்கும். நான் சொல்றேன்."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிப் பார்க்கலாம் என்று அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நானே ரஃபியாவாக உட்கார்ந்தேன். சாபிரா தொண்டையைச் செருமினாள்.

"சம்பந்தியம்மா, தப்பு பூனை மேல இல்ல. உங்க மேலதான்."

"போச்சு. பூனையோட பொண்ணையும் சேத்து வண்டியில ஏத்தி விட்ருவாக."

"வேற எப்படித்தான் சொல்ல?"

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு பொதுவாச் சொல்லு."

"அவுக சுத்தத்தை நஞ்சுன்னு சொன்ன மாதிரி ஆகாதாக்கும்? அந்தத் துப்பட்டாவ முதல்ல கழட்டுங்க, சகிக்கல."

எதுவும் முடிவாகாமலேதான் கிளம்பினோம். உம்ராவிலிருந்து வந்தவர்களைப் பார்க்கப் போகிற வீட்டில் சந்தோஷமாக இருக்க வேண்டும். பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தார்கள். ஃபர்ஹீன் இளைத்திருந்தாள். கிஸ்மிஸை வாங்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"பழகிருச்சா?" என்று ரஃபியா கேட்டார்.

தொட்டியைக் கூடத்து மூலையில் வைத்தோம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கிஸ்மிஸ் இரண்டு சுற்றுச் சுற்றியது, ஏறியது, தோண்டியது, போனது, மூடியது. ரஃபியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மாஷா அல்லாஹ். கெட்டிக்காரக் குட்டி" என்றவர், அதே சந்தோஷத்தோடு தொட்டியைத் தூக்கினார். "சுத்தம் சோறு போடும். இதை முதல்ல கழுவிப் போட்ருவோம். ஃபர்ஹீன், பினாயில எடும்மா."

சாபிரா வாயைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கழுவாதீக சம்பந்தியம்மா. என் மேல ஒரு தப்பு நடந்துபோச்சு."

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"நீங்க சொன்னபடி என்னால தினம் கழுவ முடியல. பண்ணை வேலை, நேரம் கிடைக்கல. எங்க வீடு எப்பவும் மண்ணும் தூசியுமாத்தான் கிடக்கும். அள்ளிப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டேன். குட்டி அந்த அழுக்குலயே பழகிருச்சு. இப்பப் பினாயில் ஊத்துனா வராது. நான் கெடுத்து வச்சதை நீங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

ஃபர்ஹீன் கையில் பினாயில் பாட்டிலோடு தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சம்பந்தியம்மா, இவள் வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சாபிரா என் பக்கம் திரும்பவே இல்லை.

ரஃபியா தொட்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது.

"அட, அதுக்கென்ன. வெளி வேலைக்குப் போற பொம்பளைக்கு வீட்டைப் பாக்க நேரம் ஏது? எல்லா வீடும் ஒண்ணு போல இருக்குமா? வாயில்லா ஜீவன், பழகுன பழக்கத்தை இனி மாத்த வேணாம். அள்ளி மட்டும் போட்டுக்கறோம்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "ஃபர்ஹீன், அந்தப் பாட்டில அம்மாகிட்டக் கொடுத்துவிடு. அங்கன ஆகும்" என்றார்.

சாபிரா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வண்டியில் பாட்டில் அவள் மடியில் இருந்தது. இடி இறங்கப்போகிறது என்று நான் கியரைக்கூடப் பதமாகத்தான் மாற்றினேன். புதுப்பட்டி வந்தது. இடி இறங்கவில்லை.

"கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. கிளம்பும்போது ஃபர்ஹீன் வாசல் வரைக்கும் வந்து காதுல ஒண்ணு சொன்னா."

"என்னன்னு?"

"நம்ம வீடு எம்புட்டுச் சுத்தம்னு எனக்குத் தெரியும்மா, அப்படின்னா."

சொல்லிவிட்டுத் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனுமந்தன்பட்டியில் வண்டியை ஓரம் கட்டினேன். இரண்டு பேரும் இறங்கி டீ குடித்தோம்.