ஐரிஷ் ஸ்ரூவும் பிறக்காத பிள்ளையும்

“…மூடியைத் திறக்க முந்தியே மூக்குச் சொல்லிப்போட்டுது. அதுதான் கேக்கிறன் தம்பி, இந்த வீட்டில ஆருக்குப் பிள்ளை பிறந்தது?”

பக்கத்து வளவு அக்கா எங்கள் குசினிக்குள் நின்று, ஒரு கையில் சட்டி மூடியைப் பிடித்து, மறு கையை இடுப்பில் ஊன்றி இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. வாய் திறந்தால் பந்தயத்தில் தோற்றுவிடுவேன்.

தை மாதம் விசுவமடுவில் விடிகிற நேரம் வயலும் வேலியும் பனிக்குள் காணாமற்போய்விடும். “குளிர் எலும்புக்குள்ள கதிரை போட்டு இருக்குது” என்று அக்கா ஒருநாள் சொன்னதை, அயர்லாந்தில் படிக்கும் மகளுக்குப் போனில் ஒப்புவித்தேன். அவள் சிரித்துவிட்டு, அங்கே குளிருக்கு ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஸ்ரூ வைப்பார்கள், ஒரு கோப்பை உள்ளே போனால் எலும்புக்குள் இருக்கிறவர் கதிரையோடு எழும்பிவிடுவார் என்றாள். செய்முறையையும் குரற்பதிவாக அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் செய்திருக்க வேண்டும்.

“இருபத்தாறு வருசமா என்ர கறிக்கு நேர்முக வர்ணனை குடுக்கிறியள். உப்புப் பின்னுக்கு நிக்குதாம், புளி முந்தி ஓடுதாம். இப்ப வாங்கோவன் மைதானத்துக்கு.”

பந்தயத்தை அவள்தான் வகுத்தாள். அக்காவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது. கலியாண வீட்டில் பெண்ணின் தாய்க்கு முன்னாலேயே வடையைப் பிழிந்து எண்ணெய் காட்டுகிற ஆள் அவர். முகத்துக்காகப் பொய் சொல்ல மாட்டார். அவர் இரண்டாந்தரம் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினால் நான் சாகும்வரை கறிக்கு வர்ணனை சொல்லலாம். நீட்டாவிட்டால் அடுத்த தை வரைக்கும் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. அவர் தீர்ப்புச் சொல்லும்வரை இது என்ன சமையல், ஆர் சமைத்தது என்று இரண்டு பேரும் மூச்சு விடக்கூடாது. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர்.

சாப்பாட்டைப் பற்றிக் கதைக்காமல் ஒரு வருடம். யோசித்தபோதே எனக்கு நாக்கு வறண்டது.

பார்லி தேடிப் பரந்தன் வரைக்கும் போனேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “நீர்க்கடுப்போ அண்ணை?” என்று விசாரித்தே நிறுத்துத் தந்தார். மகள் சொன்ன வெளிநாட்டு இலை ஒன்று கிடைக்கவில்லை. மணம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று முற்றத்தில் நின்ற கற்பூரவள்ளியில் நாலு இலை பிடுங்கினேன். இறைச்சி, வெங்காயம், கரட், பார்லி, மிளகு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். கிழங்கில் பாதி கரைந்து கூழாக வேண்டும், பாதி முழுசாக நிற்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் விறகை இழுத்து இழுத்து மெல்லிய நெருப்பில் அவியவிட்டேன். என் கை தன்பாட்டில் மூன்றுதரம் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் போய்த் திரும்பியது. மனைவி வாசற்படியில் பயற்றங்காய் முறித்தபடி அதையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்படி வைத்த சட்டியைத்தான் அக்கா திறந்து பார்த்துவிட்டுப் பிள்ளை ஆருக்கு என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்டு இறைச்சி காய்ச்சுவது பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்குத்தான். இதில் பார்லியும் மிதந்தது. கற்பூரவள்ளியோ குழந்தையின் தடிமன் சளிக்குக் கொடுப்பது. அக்கா அகப்பையால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“பிள்ளைத் துடக்கு வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறியள். வெள்ளிக்கிழமை கோயில்ல எங்கட உபயம். முப்பத்தொண்டு நாள் கழியாமல் நான் இங்க பச்சைத் தண்ணியும் வாயில வையன்.”

மனைவி சொண்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் கூத்தாடின. அக்கா சாப்பிடாமல் போனாலே வெற்றி அவளுக்குத்தான். வாய் திறக்கத்தானே தடை என்று நான் இல்லையென்று தலையைப் பலமாக ஆட்டினேன்.

“ஏன் தலையாட்டுறாய்? பொம்பிளைப் பிள்ளையோ? அதுக்கு ஏன் முகம் தொங்குது? மகாலட்சுமியெல்லே.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டி, சட்டியையும் காட்டினேன். இவள் சொன்ன சமையல் என்பதுதான் அதன் பொருள். அக்கா படத்தைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மூடியை மெதுவாக வைத்தார்.

“உன்ர மகளோ தம்பி? அவள் கலியாணமே கட்டேல்லையே. எப்ப வந்தவள்? அறைக்குள்ளயோ வச்சிருக்கிறியள்?” பிறகு குரலை இறக்கி, “பயப்பிடாதையுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றார்.

அக்கா ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்றால் பொழுதுபடுமுன் கதை நெடுங்கேணிக்குப் போய்விடும். மனைவியின் கண்ணில் ஆடிய கூத்துச் சட்டென்று நின்றுபோனது.

“அக்கா, இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் பெறேல்லை. அது அயர்லாந்துச் சாப்பாடு. குளிருக்குக் காய்ச்சுறதாம். காய்ச்சினது இந்த மனிசன்.”

“நீர் வாய் திறந்திட்டீர்” என்றேன் நான்.

“உங்கட பந்தயம் நாசமாப் போக. பிள்ளையின்ர பேரைக் காப்பாத்தவேண்டாமே?”

அக்கா எங்கள் இருவரையும் நம்பவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்து, கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தபிறகுதான் வந்து இருந்தார். சட்டப்படி நான் வென்றுவிட்டேன். ஆனால் மனைவியின் வாயால் கிடைத்த வெற்றி எனக்குப் போதவில்லை. அந்தக் கோப்பை இரண்டாந்தரம் நீளவேண்டும். பாணை வாட்டி வைத்து, நல்ல துண்டுகளாகப் பார்த்து வார்த்துக் கொடுத்தேன்.

அக்கா பாணைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. கிழங்கு போனது, இறைச்சி போனது, கடைசிக் கூழையும் வழித்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அகப்பையைக் கையில் எடுத்தேன்.

“பிள்ளை அங்க குளிருக்கு இதைத்தானோ சாப்பிடுறாள்?”

“ஓம் அக்கா.”

“கிழமைக்கு எத்தினை நாள்?”

“ரெண்டு மூண்டு நாள் எண்டு சொன்னவள்.”

அக்கா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவினார். வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து தன் வளவுக்குப் போனார். திரும்பி வரும்போது, தானே வறுத்து இடித்த மிளகாய்த்தூளைக் கழுத்து முட்ட நிரப்பிய போத்தல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கதிரையில் இருந்துகொண்டு, போத்தல் மூடியைச் சொப்பிங் பையால் இரண்டுதரம் சுற்றிக் கட்டி, மேலே ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி, மகளின் விலாசத்தை எழுதச் சொல்லிப் பேனையை என் கையில் தந்தார்.