குடை பிடித்தவர்

சூசைராஜ் ஐயா தெருவில் போகும்போது இடது பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடப்பார். டிராமில் ஏறினால் சன்னல் ஓரத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் உட்காருவார். இரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் அவருடைய மாடியறைக்குப் பக்கத்து அறையில் நான் குடிவந்த புதிதில் அதை ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஓர் அரிசி ஆலை ஆபீசில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் நின்று கடிதம் எழுதுகிறவன். இரங்கூனுக்கு வந்த நாள் முதல் எனக்கு எதைக் கண்டாலும் பயம்: கொள்ளைநோய்க்குப் பயம், ஆற்றுக்குப் பயம், வேலை போய்விடுமோ என்று பயம். பக்கத்து அறையில் ஒரு மிஷன் ஊழியக்காரர் இருக்கிறார் என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் நீடித்தது.

அவர் சேர்ந்திருந்தது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சின்ன மிஷன். அதற்குக் கோவில் கிடையாது, கோபுரம் கிடையாது. வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையுமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதுதான் ஊழியம். தனியாக யாரும் போகக் கூடாது. இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் செய்வதற்கு மற்றவர் சாட்சி. இன்னொரு விதியும் உண்டு. வாசலில் நின்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது அகந்தை என்பது மிஷனை நடத்திய அமெரிக்கத் துரையின் கருத்து. அதனால் கூட வந்தவர்தான் மற்றவருடைய பெயரைச் சொல்ல வேண்டும்.

சூசைராஜ் ஐயாவுக்கு ஜோடியாக இருந்தவர் மரியஜோசப். இருவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களாகப் பிறந்து, கப்பலேறி வந்த பிறகு இந்த மிஷனில் சேர்ந்தவர்கள். அலோனில் படகுத்துறைக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளுக்கு ஆறு வருஷம் சேர்ந்தே போனார்கள். துறையில் இவர்களுக்கு 'ஜோடிக் காளை' என்று பெயர். இருபத்தாறாம் வருஷம் அடைமழைக் காலத்தில், எதிர்க்கரை டாலாவிலிருந்து இருவரும் சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நீராவிப் படகு கிளப்பிய அலையில் சம்பான் கவிழ்ந்தது. சம்பான்காரன் கைக்கு அகப்பட்டது ஒருவருடைய தலைமயிர்தான். மரியஜோசப்பை ஆறு கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அடக்கம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

அதற்குப் பிறகு சூசைராஜ் ஐயா நெடுநாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்ததும் பசுந்தாங்குக்குள்ளேயே சின்ன வேலைகள் கொடுத்தார்கள். ஜோடி இல்லாதவரை அலோனுக்கு அனுப்ப முடியாது. டிசம்பரில் துரை விடுமுறைக்கு மலைக்குப் போகிறபோது தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போனார்: கிறிஸ்துமஸுக்குள் அலோனில் ஒரு வீட்டுக் கதவாவது மறுபடி திறந்தால் அந்த ஊழியம் நீடிக்கும், இல்லாவிட்டால் அதை மூடிவிட்டுச் சூசைராஜை ஊர்க் கப்பலில் ஏற்றிவிடுவார். ஊரில் அவருக்கென்று யாரும் இல்லை. சபை மாறிய அன்றே அண்ணன்மார் தலைமுழுகிவிட்டார்கள். அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அலோன் லயன் ஒன்றுதான்.

"தம்பி, நீங்க பேச வேண்டாம், பாட வேண்டாம்," என்று கேட்டுக்கொண்டார். "கூட வந்து வாசல்ல என் பேரைச் சொன்னா போதும்."

மறுக்க எனக்கு நூறு காரணம் இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானத்துக்கு மேல் புறப்பட்டோம். அவருடைய பழைய கோட்டு ஒன்றை எனக்குப் போட்டுவிட்டார். குடையையும் கையில் கொடுத்தார். தெருமுனையில் ஆப்பம் சுடுகிற சுல்தான் பீவி எங்களைப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐயா, ஒத்தக் காளைக்கு ஜோடி கெடச்சிருச்சா? கன்னுக்குட்டியால்ல இருக்கு," என்றாள். அவர் சிரித்தார். டிராமில் வழக்கம்போலச் சன்னல் ஓரத்தை விட்டு உட்கார்ந்தார். நான் அங்கே உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் அலோன் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

வேலம்மாவின் வீடு லயனில் முதல் வீடு. அவள் புருஷன் செல்லக்கண்ணு துறையில் மூட்டை தூக்குகிறவன். அந்தக் கதவு திறந்தால் மற்றக் கதவுகளும் திறக்கும் என்று சூசைராஜ் ஐயா வழியிலேயே சொல்லியிருந்தார். கதவைத் தட்டிவிட்டு அவர் பேசாமல் நின்றார். வேலம்மா கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் என் வேலை ஞாபகம் வந்தது. அவசரமாக, "சூசைராஜ்," என்றேன்.

அவள் பார்வை அவரிடமிருந்து என்னிடம் வந்தது. என் கோட்டை, என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவர் வெளியே நின்றார்.

"சூசைராஜ் ஐயா," என்று என்னை அழைத்தாள். "எப்படி இளைச்சுப் போயிட்டீங்க. இளைக்காம என்ன செய்யும்? உங்க கூட யாரு வராங்கன்னு உங்களுக்குத் தெரியுதா? திரும்பிப் பாக்காதீங்க. அது மரியஜோசப் ஐயா. அவரு ஆத்தோட போயி ஆறு மாசமாச்சு."

மரியஜோசப்பை நான் பார்த்ததே இல்லை. சூசைராஜ் என்று என் பக்கத்து அறைக்காரர் சொல்லிக்கொண்டதைத் தவிர, அவர்தான் சூசைராஜ் என்பதற்கு என்னிடம் வேறு என்ன அத்தாட்சி? ஆற்றிலிருந்து ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை. இடது பக்கம் விட்டு வைத்த அந்த இடம் நினைவுக்கு வந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குள் தரையில் ஒரு வாழையிலை விரித்திருந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை, ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தேநீர். இலையோரத்தில் கிறிஸ்தவர்களின் பண்டிகை என்பதற்காக வாங்கிய ஒரு பன் ரொட்டி. பக்கத்தில் விளக்கு. அது மரியஜோசப் ஐயாவுக்கு வைத்த படையல். தண்ணியில் போன ஆத்மா அலையும்; அவருடைய பெரிய நாளன்று வயிறாரப் போட்டு அனுப்பிவிட்டால் லயனைச் சுற்றாது என்று செல்லக்கண்ணு சொன்னான். "போட்டு முடிக்கல, அதுக்குள்ள வந்து நின்னுட்டாரு, பாருங்க," என்றான்.

அவர்கள் பேசப் பேசக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. ஆறு வருஷமும் அந்த வாசலில் முன்னால் நின்று பேசியவர், பாடியவர், குழந்தைகளுக்கு ஜபம் செய்தவர் சூசைராஜ் ஐயா. விதிப்படி அவர் வாயிலிருந்து வந்த பெயரோ 'மரியஜோசப்'. தன் பெயரைத் தான் சொல்லாத மனிதர்களை லயன்காரர்கள் எங்கே கண்டார்கள்? எந்த வாய் சொன்னதோ அந்த ஆளின் பெயர் என்றே வைத்துக்கொண்டார்கள். சம்பான்காரர்கள் வந்து மரியஜோசப் ஐயா போய்விட்டார் என்றதும் இவர் முகத்தை நினைத்துத்தான் அழுதார்கள். சற்று முன் நானும் அதே தப்பைச் செய்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த பெயரால் நான் சூசைராஜ் ஆகிவிட்டேன். வெளியே நின்றவர் செத்தவராகிவிட்டார்.

அதை நான் திக்கித் திணறிச் சொன்னேன். செல்லக்கண்ணு நம்பவில்லை. பேயோடு திரிகிறவன் பேய் சொன்னதைத்தான் சொல்வான் என்றான். கடைசியில் வேலம்மா கதவை ஒரு சாண் திறந்து வைத்து, நிலைக்கு உள்ளேயே நின்று, வெளியே இருந்தவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, நீங்க யாரா வேணா இருங்க. பேய்க்கு வாசம் மட்டுந்தான். அது திங்கிற மாதிரி இருக்கும், எலையில சோறு கொறையாது. உசுரோட இருக்கிறது நெசம்னா, இந்த எலையில ஒக்காந்து சாப்பிடுங்க. சோறு கொறைஞ்சா நம்புறேன்."

அவர் இலையைப் பார்த்தார். என்ன இலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. படைத்த சோற்றை மிஷன் ஊழியக்காரன் தொடுவதில்லை. மாரியம்மனுக்குப் படைத்த பொங்கலை இதே வாசலில் இரண்டு கையாலும் தள்ளிவிட்டு ஒரு பிரசங்கமும் செய்தவர் அவர். அதை வேலம்மா மறக்கவில்லை. அவள் வைத்த சோதனை அதனால்தான் அவ்வளவு கனமாக இருந்தது. தொட்டால் ஊழியம் போகும். தொடாவிட்டால் அலோன் போகும். அலோன் போனால் கப்பல்.

அவர் என்னைப் பார்த்தார். நான்தானே சாட்சி. எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூசைராஜ் ஐயா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேலம்மாவும் செல்லக்கண்ணும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். வாசலில் லயனே கூடிவிட்டது. அவர் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஜபம் செய்யவில்லை. குழம்பை விட்டுப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார். தனக்கென்று போட்ட திவசச் சோற்றைத் தானே சாப்பிடுகிற மனிதனை நான் அன்றைக்கு முன் பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம். மெதுவாகத்தான் சாப்பிட்டார். கருவாட்டு முள்ளை எடுத்து இலையோரத்தில் வைத்தார். அந்த முள்ளைப் பார்த்த பிறகுதான் வேலம்மா சுவரை விட்டு வந்தாள்.

"கொறையுது," என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்லக்கண்ணு, "எங்களை ஆறு மாசம் அழ வச்சிட்டீங்களே ஐயா," என்று கோபமாகச் சொன்னான். வாசலில் யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் உள்ளே வந்து அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கதவு திறந்தாயிற்று. கப்பலும் இல்லை என்று ஆயிற்று. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் வேலம்மா அதைக் கேட்டாள்.

"அப்போ ஆத்தோட போனது யாரு?"

"என் கூட வந்தவர். அவர்தான் மரியஜோசப்."

அவள் யோசித்தாள். செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். நெட்டையா குட்டையா என்று ஒருவன் கேட்டான். கறுப்பு என்றாள் ஒருத்தி. இல்லை, சிவப்பு என்றாள் இன்னொருத்தி. மீசை உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷம் அந்த வாசலில் நின்ற மனிதனின் முகம் லயனில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. வேலம்மா என்னையே அவர் என்று எண்ணி, இளைத்துவிட்டதாக வருத்தப்பட்டதன் காரணம் அப்போது எனக்குப் புரிந்தது. கோட்டும் குடையும்தான் அவளுக்குத் தெரியும்.

சூசைராஜ் ஐயாவின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. சம்பான் கவிழ்ந்தபோது கூட அவர் முகம் இப்படி இருந்திருக்காது என்று தோன்றியது.

கடைசியில் செல்லக்கண்ணுதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மழையில நீங்க பேசுறப்போ ஒருத்தரு பின்னால நின்னுட்டு உங்களுக்குக் குடை பிடிப்பாரு. அவரு நனைவாரு. அவருங்களா?"

"அவர்தான்."

அவர் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து வேலம்மாவிடம் இன்னொரு இலை போடச் சொன்னார். யாருக்கு என்று அவள் கேட்டாள். "மரியஜோசப்புக்கு," என்றார். "இதுவரைக்கும் அவனுக்குன்னு யாரும் போடல."

"ஒங்க சாமிக்கு ஆகாதே ஐயா."

"ஆகாதுதான். போடுங்கம்மா."

மிச்சமிருந்த சோற்றைக் கொண்டு அவள் இரண்டாவது இலை போட்டாள். பன் ரொட்டியை அவர் தொட்டிருக்கவில்லை. அதை எடுத்து அந்த இலையில் வைத்தாள். விளக்கைத் தள்ளி வைத்தாள். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து சற்று நேரம் கதவைச் சாத்தி வைத்தோம். அதுதான் வழக்கமாம். ஆற்றிலிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. சூசைராஜ் ஐயா கதவுக்கு நேராக நின்று, விதி என்னவோ அப்படியே, உரக்கச் சொன்னார்: "மரியஜோசப்."

உள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கதவைத் திறந்தபோது இலையில் சோறு குறையாமல் இருந்தது.

துரை மலையிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு, அலோனில் கதவு திறந்ததா என்று கேட்டார். திறந்தது என்றேன். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. சூசைராஜ் ஐயாவின் ஊழியம் அலோனிலேயே நீடிக்கிறது. ஞாயிறு தோறும் நான்தான் ஜோடி. டிராமில் இப்போது சன்னல் ஓரம் எனக்கு.

லயன்காரர்களின் நாக்கு மட்டும் மாறவில்லை. விஷயம் தெரிந்த பிறகும் பழக்கத்தில் அவரை மரியஜோசப் ஐயா என்றுதான் அழைக்கிறார்கள். என்னைச் சூசைராஜ் ஐயா என்கிறார்கள். ஒருமுறை நான் திருத்தப் போனேன். அவர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். திரும்பும் வழியில் சொன்னார்: "இங்கேயாவது யாராச்சும் அவன் பேரைக் கூப்பிடட்டும், தம்பி."

நானும் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் 'சூசைராஜ் ஐயா' என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டது. அவர் வாசலில் நின்று பேசுகிறார். நான் பின்னால் நின்று குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொள்கிறேன். என் தோள் நனைகிறது. என் முகம் எப்படி இருக்கும் என்று வேலம்மாவிடம் ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை.