ஷாஃப்டுக்கு மட்டும் போகும் வண்டி

பர்னபாஸுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சுரங்கக் குடியிருப்பான கேம்பில் எல்லோரும் சொல்வார்கள். அவர் மனைவி இசபெல்லாவைக் கேட்டால், நுனி வரைக்கும் போக அதற்கு நேரம் ஏது, நாக்கிலேயே குடியிருக்கிறதே என்பாள். தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் ஆம்புலன்ஸ் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். உலக யுத்தத்தில் பர்மா எல்லைவரை ராணுவ லாரி ஓட்டிவிட்டு வந்த மனிதர். குண்டு விழுந்த ரோட்டில்கூடத் தனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை, இந்த ஆஸ்பத்திரி கேட்டில்தான் வருகிறது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேம்ப் ஆஸ்பத்திரியும் அவர் வண்டியும் மைன்ஸ் ரோலில், அதாவது நிரந்தரத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான். அதே மைன்ஸுக்காகக் கான்ட்ராக்டரிடம் கூலி வாங்கி மண் தள்ளுகிறவனுக்குக் கிடையாது. கேட்டருகே இட்லி விற்கிறவளுக்குக் கிடையாது. பஜாரில் கடை வைத்திருக்கிற பணக்காரருக்கும் கிடையாதுதான், ஆனால் அவர் பெங்களூருக்குப் போய் டாக்டரைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் கோலாரில் இருக்கும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய்ச் சேரும்வரை நோய் பொறுமையாக இருக்க வேண்டும். வண்டி உள்ளே நுழையும்போதெல்லாம் வாட்ச்மேன், "நம்பர் இன்னா?" என்று கேட்பான். பர்னபாஸ் பல்லைக் கடிப்பார், சில நாள் திட்டியும் விடுவார். வாட்ச்மேன் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டான். சட்டம் போட்டது அவனா என்ன.

அந்தக் கேட்டருகே இட்லி விற்றவள் பாப்பம்மா. பர்னபாஸின் காலைப் பலகாரம் அவளிடம்தான். அவள் மகள் ராணியை வாசு என்ற கான்ட்ராக்ட் கூலிக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். மூன்று பேரும் கான்ட்ராக்ட் லைனில் இருந்தார்கள். லைன் என்று பேர்தானே தவிர, மைன்ஸ் கைவிட்ட பழைய ஸ்டோர் கட்டடத்தின் நெடுஞ்சுவரில் சாய்த்துப் போட்ட தட்டிக் குடிசைகள் அவை. சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. இடித்துத் தரச் சொல்லி எழுதிப் போட்டார்கள். இடிக்க நிதி இல்லை என்று பதில் வந்தது.

முந்தின வருஷம் ராணிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்ததும் மாட்டுவண்டியில் படுக்கவைத்துப் பங்காருபேட்டை வழியாகக் கோலாருக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது, அழவில்லை. அவள் குடிசை வாசலில் நின்றால் எதிரே ஆஸ்பத்திரிக் கொடியில் நர்ஸுகள் போர்வை உலர்த்துவது தெரியும். இப்போது மறுபடி அவளுக்கு எட்டாம் மாதம்.

"இந்தத் தடவை இன்னா பண்றதுன்னே தெரியலண்ணா," என்றாள் பாப்பம்மா ஒரு நாள், இட்லியை இலையில் வைத்துக்கொண்டே.

"இன்னா தெரியலங்கிற? வலி எடுத்தா ரோட்டுல வந்து நில்லு. ரூலாவது மண்ணாவது. நான் வந்து இட்டுகினு போறேன். கேட்டுல எவன் நம்பர் கேக்கறான்னு பாத்துடறேன்."

"மெய்யாவாண்ணா?"

"பின்ன, உன் சட்னிக்காகவா இங்க தினம் வந்து உக்காந்துகினு கீறேன்?"

பாப்பம்மா சிரித்தாள். மகளிடம் போய் அன்றைக்கே சொல்லியும் விட்டாள்.

அது அறுபத்தேழாம் வருஷம். இரண்டு வருஷமாக மழை பொய்த்து அரிசிக்கு வரிசை நின்றது. ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். பெங்களூர்ப் பக்கம் ஆலைகளில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று பேச்சு. ஆபீஸிலிருந்து வந்த உத்தரவுகளில் எல்லாம் சிக்கனம் என்ற வார்த்தை தவறாமல் இருந்தது. கேம்பில் இருந்த இரண்டு ஆம்புலன்ஸில் ஒன்றைச் சிக்கனம் கருதி ஷெட்டில் நிறுத்தினார்கள். மிஞ்சியது பர்னபாஸின் வண்டி ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் யூனியன்காரர் தம்மபாலன் ஒரு தீர்மானத்தோடு கிளம்பினார். தங்கவயலில் குடியிருக்கிற ஒவ்வொருத்தருக்கும், ரோலில் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட வேண்டும், செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது தீர்மானம். நேரம் கெட்ட நேரத்தில் கேட்கிறீர்களே என்றவர்களுக்கு, கெட்ட நேரத்தில்தானே நோய் வருகிறது என்று பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால்பந்து மைதானத்தில் பொதுக்கூட்டம் என்று தட்டி கட்டினார்கள்.

கூட்டம் நிறைய வந்தது. பர்னபாஸ் வண்டியை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு மட்கார்டில் சாய்ந்து நின்று கேட்டார். வாசுவும் பக்கத்தில் நின்றான். முதலில் பேசியவர் சிவப்பிரகாசம், பஜாரில் பெரிய மளிகைக்கடைக்காரர், நகரசபை மெம்பரும்கூட.

"தோண்டி எடுக்கிற தங்கத்துக்குச் செலவு அதிகம், விலை கம்மி," என்றார் அவர். "மைன்ஸே நஷ்டத்துல ஓடுது. ஸ்கூலுக்குக் கூரை போட வக்கில்ல. இதுல ஊருக்கெல்லாம் வைத்தியம்னா எங்கேந்து வரும்? இன்னிக்குக் கதவைத் தொறந்தா நாளைக்கு ஜில்லாவே வந்து வரிசையில நிக்கும். அப்புறம் உங்களுக்கும் மருந்து இல்ல, அவங்களுக்கும் இல்ல. எனக்கு யார் மேலயும் பகை கிடையாது. இல்லாததை இல்லன்னு சொல்றேன்."

கடைக்காரர் அப்படித்தான் பேசுவார். பர்னபாஸுக்கு அதில் ஆச்சரியமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுரங்கத் தொழிலாளிகள் கைதட்டியதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஒருவன் எழுந்து, "நமக்கே இருமல் மருந்துல தண்ணி ஊத்தித் தர்றான், இதுல பங்கு வேறயா?" என்றான். அவன் சம்சாரத்துக்குப் போன மாதம் பர்னபாஸ்தான் வண்டி ஓட்டினார்.

"சிக்கனம்னா இருக்கிறவன் குறைச்சுக்கிறது," என்று ஆரம்பித்தார் தம்மபாலன். "இல்லாதவன் கிட்டேருந்து இன்னாத்தைக் குறைப்பீங்க? மேல மண் தள்றவன் மூக்குல போறதும் நம்ம தூசுதான். தூசு நம்பர் கேட்டுகினா போவுது?"

கையைத் தூக்கச் சொன்னால் பாதிப்பேராவது தூக்குவார்கள் என்று பர்னபாஸுக்குத் தோன்றியது. வாசுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பாஸாயிடும்டா. கேட் வழியாவே உன் பொண்டாட்டியை இட்டுகினு போலாம்," என்றார்.

அப்போதுதான் தரை குலுங்கியது.

வெளியூர்க்காரனாக இருந்தால் பூகம்பம் என்று நினைப்பான். தங்கவயலில் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பேர். பாதாளத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே தரை ஆடும், அடுக்களையில் பாத்திரம் உருளும். தரை ஆடினால் உள்ளே ஆள் சாகிறான் என்று இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரும் யாரையும் கேட்காமல் சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். ஆம்புலன்ஸ் மணியை அடித்துக்கொண்டு முன்னால் போகும், ஜனம் அதன் பின்னால் போகும். வழியில் பெண்கள் ரோட்டில் நின்று தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கை காட்டுவார்கள். ஒருத்திக்கு நிறுத்தினால் இருபது பேர் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், வண்டி நகராது. அதனால் நிறுத்தவே கூடாது. கை காட்டினால் பார்க்காதே என்று புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே பர்னபாஸ்தான்.

அன்றைக்கும் அப்படியே நடந்தது. மைக்கில் தம்மபாலன் பாதிச் சொல்லில் நிற்க, மைதானம் எழுந்து ஓடியது. பர்னபாஸ் வண்டியைக் கிளப்பினார். வாசு பின்கதவில் தொற்றிக்கொண்டு மணிக் கயிற்றை இழுத்தான். அவன் தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்தவன், அவன் கால்களுக்கும் வேறு வழி தெரியாது. கான்ட்ராக்ட் லைன் பக்கம் திரும்பும்போது ஒரே புழுதி, பின்னால் தொங்கிய வாசுவுக்குக் கண்ணே திறக்க முடியவில்லை. புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண் நடுரோட்டுக்கு ஓடி வந்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். பர்னபாஸ் அவள் மேல் படாமல் ஒடித்துத் திருப்பி, வேகத்தைக் குறைக்காமல் போனார். இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர், முகத்தைப் பார்க்கவில்லை.

ஷாஃப்டில் ஆட்களை மேலே கொண்டுவரும் கூண்டு ஏறி ஏறி இறங்கியது. உள்ளே இருந்தவர்களின் கணக்குச் சரியாகும்வரை வண்டி அங்கேயே நிற்க வேண்டும், அது நியாயமான ரூல்தான். தங்கவயலுக்கு எப்போதாவது கிடைக்கிற அதிர்ஷ்டம் அன்று கிடைத்தது. ஆள் இல்லாத பழைய லெவல் ஒன்றில், கைவிட்ட சுரங்கப்பாதையில், பாறை வெடித்திருந்தது. ஒருவனுக்கும் கீறல் இல்லை. மனைவிமார் அழுதுகொண்டே சிரித்தார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். பர்னபாஸும் ஒரு கிளாஸ் குடித்தார். அந்த டீயை நினைத்தால் பின்னாளில் அவருக்கு வாயெல்லாம் கசந்தது.

கணக்குச் சரி என்று மேனேஜர் கை காட்டிய நேரத்தில் தம்மபாலன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாசு அங்கே நிற்பதைப் பார்த்தார். பர்னபாஸின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"அண்ணா, அந்த ஸ்டோர் சுவர் விழுந்துடுச்சு. ராணி மேல. பாப்பம்மா உங்க வண்டிக்குக் கை காட்டிச்சாம்."

பர்னபாஸ் வண்டிக்கு ஓடினார். வாசுவை இழுத்து முன் சீட்டில் போட்டுக்கொண்டு வந்த வழியே ஓட்டினார். லைனில் கற்குவியலும் நசுங்கிய தட்டியும் கிடந்தன. ஆட்கள் இல்லை. சிவப்பிரகாசத்தின் கடை லாரியில் ஏற்றிக் கோலாருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்துக் குடிசைக்காரர் சொன்னார். சிவப்பிரகாசம் தாமே அரிசி மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் கூடப் போனாராம். எல்லோருக்கும் வைத்தியம் முடியாது என்று மேடையில் சொன்ன மனிதர் லாரியைக் கொடுத்தார். முடியும் என்று மட்கார்டில் சாய்ந்து நின்றவர் ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனார். பர்னபாஸுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

ராணி பிழைத்தாள். இடுப்பில் அடி, நடக்க நாளாகும் என்றார்கள். பிள்ளை தங்கவில்லை.

பர்னபாஸ் கோலாருக்குப் போனார். வார்டு வாசலில் பாப்பம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள்தான் என்று தெரியாமல் போய்விட்டது என்றார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தெரியும்ணா. ஏர்பிளாஸ்டுன்னா வண்டி நிக்காதுன்னு எனக்கும் தெரியும்," என்றாள் அவள். "நீ சொன்னியேன்னுதான் ரோட்டுல வந்து நின்னேன்."

அவர் அந்த வாரம் முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை. வாட்ச்மேன் நம்பர் கேட்டபோதுகூட வாய் திறக்கவில்லை. இசபெல்லாதான் பயந்துபோனாள். "இன்னாங்க, என்னையாவது நாலு திட்டு திட்டுங்களேன்," என்று சோற்றைப் போட்டுவிட்டுக் கெஞ்சினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நின்றுபோன கூட்டத்தை மறுபடி கூட்டினார்கள். நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரியும் வந்து மேடையில் உட்கார்ந்தார். இப்போதைய பொருளாதார நிலைமையில் தீர்மானத்தை ஒத்திவைத்து, நிலைமை சீரானதும் ஒரு கமிட்டி போட்டு ஆராயலாம் என்றார். தம்மபாலன் எழுந்து ராணியின் பேரைச் சொன்னார். அது மிகவும் வருந்தத்தக்கது, ஆனால் அது சுரங்க விபத்தில் சேராது என்று அதிகாரி மெல்லிய குரலில் விளக்கினார். சிவப்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒத்திவைக்கத்தான் அதிகம் கைகள் உயர்ந்தன.

அத்தோடு விட்டிருக்கலாம். அதிகாரி இன்னொரு விஷயம் சொன்னார். போன வாரம் ஏர்பிளாஸ்டின்போது கொஞ்சமும் தாமதிக்காமல், வழியில் எங்கும் நிற்காமல் ஷாஃப்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் பர்னபாஸின் கடமை உணர்ச்சியை நிர்வாகம் பாராட்டுகிறது என்றார். சாமந்தி மாலை ஒன்று மேடையில் தயாராக இருந்தது. ஜனம் கைதட்டித் திரும்பிப் பார்த்தது.

பர்னபாஸ் மேடைப் பக்கம் போகவில்லை. வண்டியில் ஏறினார். கயிற்றை இழுத்து மணியை அடித்தார். விடாமல் அடித்தார்.

மணி கேட்டதும் மைதானமே எழுந்தது. தரை குலுங்கியதா இல்லையா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள், முன்வரிசைத் தொழிலாளிகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்கள். பர்னபாஸ் வேகமாகப் போகவில்லை. ஓடி வருகிறவர்கள் தவறவிடாத அளவுக்கு ஓட்டினார். அந்த வண்டியை அவர் ஓட்டிய கடைசி நாள் அது. மறுநாளே அவரை மைன்ஸ் சாமான் ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே ஆணியும் கயிறும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஷாஃப்டுக்குப் போகும் ரோடு வந்தது. வண்டி அதில் திரும்பவில்லை. கான்ட்ராக்ட் லைனுக்குள் நுழைந்து, விழுந்த சுவரின் முன்னால் நின்றது. கற்களை யாரும் அள்ளியிருக்கவில்லை. அள்ள நிதி வரவில்லை. பின்னால் ஓடி வந்த ஜனம் வண்டியைச் சுற்றி நின்று மூச்சு வாங்கியது. இருமல் மருந்தைப் பற்றிப் பேசினானே, அவன்தான் முன்னால் நின்றான்.

"யாருக்குண்ணா அடி?" என்றான்.

பர்னபாஸ் இறங்கிப் போய்ப் பின்கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்தார்.

"ராணிக்குத்தான். போன ஞாயித்துக்கிழமை பட்டுது," என்றார். "வண்டி இன்னிக்குத்தான் வந்திருக்குது."