கசட்டின் மிச்ச இடத்தில் ஒரு அல்பம்

போன கிழமை ஏறாவூரில் ஒரு அலுவலை முடித்துக்கொண்டு டவுனுக்குத் திரும்ப ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரருக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் போனைச் செருகி ராப் பாட்டு ஓட விட்டிருந்தார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் ராப் கேட்கிறேன் என்று தெரிந்தால் வீட்டில் சிரிப்பார்கள், ஆகவே தெருவைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பொடியனின் குரல் தனியாக வந்தது. நாலு வரி போன பிறகுதான் தாளம் ஓடிவந்து சேர்ந்தது. அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும்.

“சைக்கிளில நான் போகல்ல, சைக்கிள் என்னோட வருது...”

“தம்பி, இது ஆரு பாடினது?” என்று கேட்டேன்.

“பாடுறது புதுப் பொடியன்மார் அண்ணன். பாட்டுப் பழசு. எங்கட வாப்பாட கசட்டொண்டில கடைசியா கிடந்தது. ஆருட பாட்டெண்டு ஒருத்தருக்கும் தெரியா.”

எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் நான்தான். ஆனால் ஓட்டோவில் அதைச் சொல்லும் துணிவு வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

முப்பது வருசத்துக்கு முன்பு நான் டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ‘பார்’ என்றதும் வேறு ஞாபகம் வரும். இது பாட்டுப் பதியும் கடை. விருப்பமான பாட்டுகளைக் கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவந்து தருவார்கள், நாங்கள் வெறும் கசட்டில் அதே வரிசையில் பதிந்து கொடுப்போம். புதுக் கசட்டின் பொலித்தீனை நகத்தால் கிழிக்கும்போது ஒரு மணம் வரும் பாருங்கள், அதற்காகவே நான் சம்பளம் கூட்டிக் கேட்காமல் இருந்தேன். என் கையெழுத்து அழகு என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கசட் அட்டையில் எழுதி எழுதி வந்த அழகுதான், பள்ளிக்கூடத்தில் கோழி கிளறின மாதிரித்தான் எழுதினேன்.

கடைக்கு அடிக்கடி வரும் சதா என் கூட்டாளி. களுதாவளைக்காரன். லண்டனில் இருந்த அவனுடைய சித்தப்பா மகன் ஒரு ஹிப் ஹொப் கசட் அனுப்பியிருந்தான். தங்கச் சங்கிலி, துவக்கு என்று வாய்வீரம் பேசுகிற வகை இல்லை, அடுத்த வீட்டுக்காரன் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் இருக்கும். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, சதாவுக்கும் பாதிதான் விளங்கியது.

“எங்கட ஆக்கள் கதைக்கிறதே இப்பிடித்தான் மச்சான். ஒரு தாளம் வைச்சா சரி,” என்றான்.

“இது பாட்டாடா? சண்டை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றேன். என் இசை ஞானம் அவ்வளவுதான்.

அவன் ஏழு பாட்டு எழுதினான். ஒரு நாளின் கதை. விடியற்காலம் வாவிக்கரையில் மீன் ஏலம் போடுவதில் தொடங்கும். சங்கிலி அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு களுதாவளையிலிருந்து டவுன்வரைக்கும் நடப்பது, சோதனைச் சாவடி வரிசையில் வெயிலில் நிற்பது என்று போகும். எல்லாம் நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில். அப்போது பாட்டென்றால் படத்துப் பாட்டுத் தமிழ்; ‘மறுகா’, ‘இஞ்சால’ என்று பாட்டில் கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது.

பதிய இடம் எங்கள் கடைதான். முதலாளி வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைப் பாதி சாத்திவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். அந்த நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் தாளம் போடுகிற எங்கள் கூட்டாளி றியாசும் ஜும்ஆவுக்குப் போகவேண்டும். ஆகவே சதாவின் குரலை முதலில் தனியாகப் பதிவோம். தொழுகை முடிந்து றியாஸ் தொப்பியைக் கழற்ற மறந்து ஓடிவருவான். அந்தக் கசட்டை ஒரு மெஷினில் ஓடவிட்டு, அவன் வாளியைக் கவிழ்த்து அடிப்பதையும் சேர்த்து இன்னொரு மெஷினில் பதிவேன். வலைகாரர் கம்பால் தண்ணீரை அடித்து மீன் விரட்டுவார்களே, அந்த நடை. நாலு வரி கேட்டுத்தான் அவனுக்கு நடை பிடிபடும், ஆகவே தாளம் உள்ள எல்லாப் பாட்டிலும் அது பிந்தித்தான் வரும். இன்றைக்கு இங்குள்ள பொடியன்மார் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதை ஒரு ஸ்டைல் என்கிறார்கள். முதலாளி வருவதற்குள் முடிக்கவேண்டிய பதற்றம் அது என்று யாருக்குத் தெரியும்!

பத்துக் கசட் பதிந்து, அட்டைக்கு நானே படம் கீறி, கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். கரடியனாற்றிலிருந்து வந்த ஒருவர் அரைப் பாட்டுக் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, வயல் வட்டைக்குள்ள மாடு விரட்டுற மாதிரிக் கிடக்கு,” என்று திருப்பித் தந்தார். ஒன்றுகூடப் போகவில்லை. சதா நாளாந்தம் வந்து அலுமாரியைப் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதித் தந்த பாட்டெல்லாம் பதிந்த பிறகு கசட்டின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். அதை வெறுமையாக விட்டால் வேலை தெரியாதவன் என்பார்கள். பதிகிறவன் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்புவான். நான் சதாவின் பாட்டைப் போட்டேன். பக்திப் பாட்டுக் கசட்டுக்குப் பின்னால் மீன் ஏலம், கலியாணக் கசட்டுக்குப் பின்னால் சோதனைச் சாவடி. இரண்டு மாதத்தில் ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். “கடைசியா கிடக்கிறது ஆருட பாட்டுத் தம்பி?” நான் சொல்லவில்லை. அரைப் பாட்டோடு திருப்பித் தந்த சனம், பெயரைச் சொன்னால், அலுமாரியில் கிடக்கிற கசட்தானே என்று மறுபடி முகத்தைச் சுளிக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த இரகசியம் எனக்கு இனிக்கவும் செய்தது. “ஆரோ பொடியன்,” என்று சிரித்துக்கொண்டு நிற்பேன்.

சதாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒருநாள் திகைக்க வைக்கலாம் என்றிருந்தேன். அவனோ ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒலிபெருக்கியில் கசட் முடிகிற இடத்தில் தன் குரலையே கேட்டிருக்கிறான். பந்தியில் இருந்தவர்கள் வரிக்கு வரி கூடவே சொல்லியிருக்கிறார்கள். “இது நான்தான் பாடினது,” என்றிருக்கிறான். பந்தி முழுக்கச் சிரித்திருக்கிறது. ஒருத்தர் சோறு வைத்துக்கொண்டே, “அப்ப நான்தான் தாளம் போட்டது,” என்றாராம்.

அடுத்த நாள் கடைக்கு வந்தான். சத்தம் போடவில்லை.

“அல்பமெண்டா ஒரு நாள் மாதிரி மச்சான். விடிஞ்சு பொழுதுபடுற வரைக்கும். நீ சனத்துக்கு அதத் துண்டு துண்டா வெட்டிக் குடுத்துப்போட்டாய்.”

“ஊரெல்லாம் பாடுதேடா!”

“பாடுது. என்னத் தெரியாமப் பாடுது.”

முதற்பதிவான மாஸ்டர் கசட்டையும் பத்துக் கசட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனான். நான் தடுத்திருக்கலாம். அவன் கட்டாருக்குப் போன பிறகு, ஒரு மாரி வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள் வந்து அதையெல்லாம் அழித்துவிட்டது. இப்போதும் தைப்பொங்கலுக்குப் போன் எடுத்துக் கதைக்கிறோம். பிள்ளைகள், சுகம், மழை. பாட்டைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

ஓட்டோவில் வந்த அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய வாடிக்கையாளர் வீடுகளாக ஏறி இறங்கினேன். பரணிலிருந்து இறக்கித் தந்த கசட்டுகளின் கடைசிகளை மட்டும் ஓடவிட்டு ஓடவிட்டு, ஆறு பாட்டைச் சேர்த்துவிட்டேன். சந்தோசத்தில் சதாவுக்குப் போன் எடுத்தேன்.

“ஆறும் கிடைச்சிட்டுதுடா!”

“ஏழாவது?” என்றான்.

ஏழாவது எங்கே கிடைக்கும்? அது ஆறு நிமிடப் பாட்டு, யாருடைய கசட்டிலும் அவ்வளவு இடம் மிஞ்சியதில்லை. நான் அதை ஒருவருக்கும் பதிந்து கொடுக்கவேயில்லை.

“நீ திருப்பிச் சொல்லன் மச்சான், போனில பதியிறன்.”

“மறந்துபோச்சுடா,” என்றான். கோபம் இல்லை, உண்மையாகவே மறந்துவிட்டான்.

பொழுதுபட்டதும் வருகிற பாட்டு அது. தாளமே இல்லை. பாடினது இன்னார், இன்ன ஊர், வாளி அடித்தது இன்னார் என்று அதில்தான் அவன் எங்கள் பெயர்களைச் சொல்லியிருந்தான். முதலில் சொன்னது என் பெயரை.