ரேடியோ வீட்டுக்காரம்மாவின் முதல் பேச்சு

அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். திருகிவிட்டால் போதும், நிறுத்த வேறு ஆள் வரவேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் சிறிய தொழில் அவருடையது. கையால் சம்பாதித்ததைவிட வாயால் சம்பாதித்தது அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த வாய்க்குத்தான் சோதனை வந்தது. தொண்டையில் வளர்ந்த கட்டியை வெட்டி எடுத்த மருத்துவர் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். குரலைக் கொடுக்க முடியவில்லை. காதைக் கொண்டுபோய் வைத்தால் கேட்கிற அளவுக்குக் காற்று மட்டும் வந்தது.

தொழிலின் மறுபாதி அவர் மனைவி. வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, உருளைகளும் கதவுச் சுவிட்சுகளும் அடைந்து கிடக்கும் இரும்பு அலமாரி, ஓயாமல் அடிக்கும் தொலைபேசி. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும், எந்த மெக்கானிக்கை அனுப்பினால் சரியாகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்த மகள் கல்யாணத்தில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னபோது, பாத்திரம் எண்ணிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடியவள் அவள்.

வாரம் ஒரு காலை சிறுதொழில்காரர்கள் சங்கம் கூடும். அச்சகக்காரர், அட்டைப்பெட்டி செய்பவர், கிளினிக் நடத்தும் அம்மா, தங்கும்விடுதி முதலாளி என்று பலரும் வருவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேசவேண்டும். பேச்சு பிடித்துப்போனால் கேட்டவர்கள் வேலை தருவார்கள், தெரிந்தவர்களிடமும் சொல்லி அனுப்புவார்கள். ரேடியோவுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை அந்த அறையில் அவர் பேசிப் பிடித்தவை. ஒரு தொழிலுக்கு ஒரே ஆள் என்பது சங்கத்தின் சட்டம். அவர் நாற்காலி காலியானால் உட்கார இன்னொரு லிஃப்ட்காரர் தயாராக இருந்தார்.

சங்கச் செயலாளர் போன் செய்தார். "அண்ணன் உடம்பு தேறட்டும்மா, அதான் முக்கியம். ஆனா சீட்டு காலியாவே கெடந்தா மத்தவங்க கேப்பாங்கல்ல. நீங்களாவது வந்து பேசுங்க."

போனாள். முறை வந்தது, எழுந்தாள். வணக்கம் என்பதுவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அத்தனை முகங்களும் அவள் வாயையே பார்த்தன. யாராவது முறைத்திருந்தால்கூடத் தேவலை, எல்லோரும் பரிவோடு பார்த்தார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

சேதி கேள்விப்பட்டு வந்த நாத்தனார் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "பேசத் தெரிஞ்சவனுக்கு வாய் போச்சு. வாய் இருக்கறவளுக்குப் பேசத் தெரியல. நல்ல பொருத்தம்தான் பாத்து வெச்சோம்."

வாரம் ஒருவர் மட்டும் தன் தொழிலைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும்; அடுத்த கூட்டத்தில் அந்த முறை ரேடியோவுடையது. அதையும் கைவிட்டால் நாற்காலி போய்விடும் என்று செயலாளர் நயமாகவே சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோதான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவளை அருகில் இழுத்துக் காதில் சொன்னார்.

"நான் உன் காதுல சொல்றேன். நீ அத சத்தமா சொல்லு. பேசறது நான்தான். நீ வெறும் ஸ்பீக்கர்."

வார்த்தை தன்னுடையதில்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் அன்று காலை சங்கத்தின் படியேறும்போது, திரும்பி ஓடினால் யார் என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள்.

இருவரும் சேர்ந்தே எழுந்து நின்றார்கள். அவர் அவள் தோளோரம் குனிந்து சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். "வணக்கம். ரேடியோ ரிப்பேர். அதனால இன்னிக்கு வேற ஸ்டேஷன்ல இருந்து பேசறேன்." அறை சிரித்தது. அவள் குரல் நடுங்கியது, ஆனால் அறுந்துபோகவில்லை. நாலைந்து வாக்கியங்கள் அப்படியே ஓடின. அவர் உற்சாகமாகிவிட்டார். பழைய சுருதி வந்துவிட்டது.

"எங்க லிஃப்ட் நடுவழியில நின்னதா சரித்திரமே இல்ல," என்றது காதோரக் காற்று.

அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. முன்வரிசையில் கிளினிக் அம்மா உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் அவர் கிளினிக் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றது அந்த அம்மாவுக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். சொன்னால் பொய். சொல்லாவிட்டால் இத்தனை பேருக்கு முன்னால் கட்டினவரை விட்டுக்கொடுத்ததாகிவிடும். ரேடியோ மறுபடியும் அதையே சொன்னார். சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"இவர் சொல்றத நான் சொல்ல மாட்டேங்க," என்றாள்.

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. இனி நிறுத்தினால் அதோடு எல்லாம் போச்சு என்று தோன்றியதால்தான் மேலே பேசினாள்.

"லிஃப்ட் நிக்கும். எங்களோடதும் நின்னிருக்கு. இந்த அம்மாவோட கிளினிக்லயே நின்னுச்சு. உள்ள ஒரு வயசானவர், தனியா மாட்டிக்கிட்டார். மூச்சு முட்டுதுன்னு போன்ல அழுதாரு. காத்து வரும் ஐயா, மேல சந்து இருக்கு, அப்படியே கீழ உக்காருங்கன்னேன். போன வெக்காதம்மான்னாரு. நான் வெக்கல. அவருக்கு எத்தன பிள்ளைங்க, மருமக நல்லா பாத்துக்கறாளா, எல்லாம் கேட்டேன். மெக்கானிக் போய்க் கதவத் தொறக்கறவரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தேன். எனக்கும் கை நடுங்குச்சு. அவருக்குத்தான் அது தெரியாது. நிக்கவே நிக்காத லிஃப்ட்ட யாராலயும் குடுக்க முடியாதுங்க. நின்னா போன எடுக்க நான் இருக்கேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

முந்தானையைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் விடுதி முதலாளி வந்து, ஒருநாள் தன் விடுதி லிஃப்டைப் பார்க்க ஆள் அனுப்பச் சொன்னார். அச்சகக்காரர் மட்டும், "என்ன இருந்தாலும் சபையில புருஷன இப்படியா," என்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் அவருக்குக் கோபம் வந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்; எவ்வளவு கோபம் என்பதாவது தெரியும். இப்போது அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினார், சாப்பிட்டார், கை கழுவினார். கூட்டத்தில் பேசியதைவிட இது பெரிய பயமாக இருந்தது.

"கோவமா?" என்று கடைசியில் கேட்டேவிட்டாள்.

கையசைத்து அருகில் கூப்பிட்டார். காதைக் கொண்டுபோனாள்.

"அந்தப் பெரியவர்கிட்ட அவ்வளவு நேரம் பேசினத எங்கிட்ட சொல்லவே இல்லயே நீ."

"எங்க சொல்றது? நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்களே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தமில்லாததால், அது அழுகையா சிரிப்பா என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்புத்தான். முழுக்கச் சிரிப்பு மட்டும்தானா என்பதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நாற்காலி பறிபோகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அதில் உட்காருவது அவள். பயம் விட்டுவிட்டதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வாள். கூட்டம் உள்ள காலைகளில் இன்றும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்குவதில்லை.